‘செவன்’ படத்தில் துப்பறிவது யார்?

ஆசிரியருக்கு,

ஏழு பாவங்களின் பேரில் கொலை செய்பவனை இரண்டு போலீஸ் துப்பறிவாளர்கள் தேடும் ‘செவன்’ (1995) படத்தின் இருட்டைப் பாராட்டிய உங்கள் கட்டுரை, அந்த இருட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. கலர் ஃபிலிமைக் கழுவும்போது ப்ளீச், ஃபிக்ஸர் என்ற ரசாயனங்கள் சேர்ந்து அதிலுள்ள வெள்ளி உலோகத்தை நீக்கிவிடும். சாயம் மட்டும் மிஞ்சும். இந்தப் படத்தின் தியேட்டர் பிரின்ட்களில் ஒரு பகுதியில் வெள்ளியை வேண்டுமென்றே தங்கவிட்டார்கள். அதனால் கறுப்பு அடர்ந்தது, நிறம் மங்கியது. ஒளிப்பதிவாளர் டேரியஸ் கோன்ட்ஜி படப்பிடிப்பிலேயே இதற்கு வழி செய்திருந்தார். முதல் பிணம் கிடக்கும் வீட்டில் போலீஸ்காரர்களின் டார்ச் போகாத மூலை நமக்கும் தெரியாது. இதைக் கவனிக்காமல் கலர் கிரேடிங்கில் (படம் எடுத்த பிறகு நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வதில்) வெளிச்சத்தை மொத்தமாக இறக்கிவிட்டால் முகமும் சுவரும் ஒரே சாம்பல்தான். ஃபிரேமில் எங்காவது பளிச்சென்று ஒரு புள்ளி இருந்தால்தான் கறுப்பு கறுப்பாகத் தெரியும்.

கொலைகளைக் காட்டாததும் பெரிய பலம். கடைசித் துப்பாக்கிச் சூடுவரை நாம் பார்ப்பதெல்லாம் நடந்து முடிந்த இடங்களைத்தான். முடிவில் வந்துசேரும் பெட்டிக்குள் இருப்பதையும் கேமரா எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் துப்பறியும் படம் என்று பார்த்தால் கதை நொண்டுகிறது. கொலையான வக்கீலின் அறையில் ஓவியத்துக்குப் பின்னால் கிடைக்கும் கைரேகைகள் கொலைகாரனே விட்டுவைத்தவை. மூத்த துப்பறிவாளர் சாமர்செட் சொந்தமாக எடுக்கும் ஒரே பெரிய அடி, எஃப்.பி.ஐ. ஆளுக்குக் காசு கொடுத்து, நூலகத்தில் யார் என்ன படித்தார்கள் என்ற பட்டியலை வாங்குவது. அது நேராகக் கொலைகாரன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறது! வாரன்ட் கிடைக்காதென்று இளைய கூட்டாளி மில்ஸ் கதவை உதைத்துத் திறந்து, பொய்ச்சாட்சிக்கு ஒரு பெண்ணுக்குப் பணம் தருகிறார். அதன் விளைவை வழக்கின் போக்கில் காட்டியிருக்கலாம். படம் அதை மறந்துவிடுகிறது. பிறகு கொலைகாரன் தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து வருகிறான்.

மில்ஸின் மனைவி ட்ரேசியின் பாத்திரம் இன்னும் மோசம். முடிவுக்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறாள்.

பொறாமை, சினம் இரண்டையும் முடிச்சுப் போட்ட விதமும் இடிக்கிறது: மில்ஸ்மீது பொறாமை கொண்ட கொலைகாரன் ட்ரேசியைக் கொல்ல, சினத்தில் மில்ஸ் அவனைச் சுடுகிறார். மற்றவர்கள் தங்கள் பாவத்துக்காகத் தண்டிக்கப்பட, ட்ரேசி எந்தப் பாவமும் செய்யாமல் சாகிறாள். சினம் கொண்ட மில்ஸோ உயிரோடு இருக்கிறார். திட்டத்தை மாற்றுவதாகக் கொலைகாரன் போனில் சொல்கிறானே என்று வாதாடலாம். பாதிதான் ஒப்புக்கொள்வேன், மாற்றுவதற்கு முன் இருந்த திட்டம் என்னவென்று படம் எங்கும் சொல்வதில்லை. பெட்டி சரியாக 7 மணிக்கு வர டெலிவரிக்காரனுக்கு 500 டாலர் கொடுத்திருக்கிறான். அவனை அங்கே கூட்டிப்போகும் போலீஸ் வண்டி வழியில் பஞ்சரானால் அத்தனையும் காலி. முதல்முறை பார்க்கும்போது இது உறைக்காததற்குக் காரணம், அந்தக் கார்ப் பயணத்தின் வசனமும் கொலைகாரனாக நடித்த கெவின் ஸ்பேசியின் அலட்டாத நிதானமும்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்