கணினிப் பொறியியல் சேர்க்கை: தரவரிசையைவிடப் பாடத்திட்டத்தைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வரும் பல்கலைக்கழகத் தரவரிசைகளை வெட்டி வைத்துக்கொண்டு, பிள்ளைகளை எந்தக் கணினிப் பொறியியல் படிப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் பெற்றோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மருத்துவக் கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருளை எழுதுவது என் தொழில். நோயாளியின் இரத்தக் குழாய்க்குள் மருந்தை அளந்து செலுத்தும் பம்ப் போன்றவை அந்தக் கருவிகள். புதிதாகப் பட்டம் பெற்று வருபவர்களை நேர்காணல் செய்து குழுவில் சேர்க்கும் பொறுப்பும் எனக்கு உண்டு.

இந்த ஆண்டு என் அண்ணன் மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று, பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரியும். மற்றது, பட்டியலில் வெகு கீழே தேட வேண்டியது. வீட்டில் பேச்சே இல்லாமல் முதலாவது என்று முடிவாகிவிட்டது. அவளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "அத்தை, நான் நான்கு வருடம் என்ன படிக்கப் போகிறேன் என்று யாருமே பார்க்கவில்லையே" என்று சொல்லி, இரண்டு பாடத்திட்டங்களையும் என்னிடம் கொடுத்தாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. தரவரிசைகள் எதை அளக்கின்றன என்று பாருங்கள். ஷாங்காய் பட்டியலில் முன்னாள் மாணவர்களும் பேராசிரியர்களும் வென்ற நோபல், ஃபீல்ட்ஸ் விருதுகளுக்கு 30 சதவீதம். 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20 சதவீதம். கியூ.எஸ். உலகப் பட்டியலில் கல்வியாளர்களிடமும் நிறுவனங்களிடமும் கருத்துக் கேட்டுப் பெறும் மதிப்பெண் மட்டும் 45 சதவீதம்; ஆய்வு மேற்கோள்களுக்கு 20. ஆய்வின் தரத்தை அறிய இவை பயன்படலாம். இரண்டாம் ஆண்டு மாணவிக்கு ஆய்வகத்தில் செய்து பழக ஒரு சர்க்யூட் போர்டு தனியாகக் கிடைக்குமா, நான்கு பேர் சுற்றி நின்று ஒருவர் செய்வதை வேடிக்கை பார்க்க வேண்டுமா என்பதை இந்த எண்களில் எதுவும் சொல்லாது.

நான் வேறொரு அளவுகோலை எடுத்தேன். கணினி, மின்பொறியியல் வல்லுநர்களின் சர்வதேச அமைப்புகளான ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. ஆகிய இரண்டும் சேர்ந்து கணினிப் பொறியியல் இளநிலைப் படிப்புக்கு 2016-இல் ஒரு பரிந்துரையை வெளியிட்டன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சர்க்யூட்டும் மின்னணுவியலும், டிஜிட்டல் வடிவமைப்பு, கணினிக் கட்டமைப்பு, எம்பெடட் அமைப்புகள் (கருவிகளுக்குள் பொதிந்து இயங்கும் கணினிகள்), சிக்னல் செயலாக்கம், நெட்வொர்க், பாதுகாப்பு, மென்பொருள் வடிவமைப்பு என்று 12 துறைகளை அது வகுக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பாடத்திட்டங்களையும் வரிவரியாகப் படித்தேன்.

புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் படிப்பு, பெயரில்தான் கணினிப் பொறியியல். டிஜிட்டல் வடிவமைப்பு ஒரே ஒரு செமஸ்டர். அதற்கும் ஆய்வகம் இல்லை. எம்பெடட் அமைப்புகள் விருப்பப் பாடம். சிக்னல் செயலாக்கத்தைக் காணவே இல்லை. மூன்றாம் ஆண்டு முழுவதும் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், மேகக் கணிமை. மென்பொருளை மட்டும் விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல படிப்பாகவே இருக்கலாம். ஆனால் என் அண்ணன் மகளுக்கு சிப்புகளின் மேல்தான் ஆசை. மற்ற பல்கலைக்கழகத்தில் மூன்றாம் செமஸ்டரில் சிப்பின் அடிப்படைச் சர்க்யூட்டான லாஜிக் கேட்டில் தொடங்குகிறார்கள். அடுத்த செமஸ்டரில் அதே மாணவர்கள் எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) போர்டில் ஒரு சிறிய புராசஸரை வடிவமைத்து ஓட்டுகிறார்கள், அதற்கடுத்து இயங்குதளம். ஒரு பாடத்தில் கட்டியதன் மேல் அடுத்த பாடம் ஏறி நிற்கிறது.

இது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்காக, நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஒரு தடவைக்கு 16 பிட் மட்டும் கையாளும் புராசஸர் ஒன்றில் 32 பிட் எண் ஒன்று இருக்கிறது. முதன்மை நிரல் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைநிறுத்தி வேறொரு நிரல் பகுதியை ஓட வைக்கும் சிக்னல்) வந்து அதே எண்ணை மாற்றினால் என்ன ஆகும்? அந்த எண்ணை இரண்டு தவணையாகத்தான் படிக்க முடியும். நடுவில் அது மாறினால் பாதி பழையது, பாதி புதியது என்று, எந்த நேரத்திலும் இருந்திராத ஓர் எண் கைக்கு வரும். அது மருந்தின் அளவாக இருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தால் 1985 முதல் 1987 வரை ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதும், முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியதும் அதற்குப் பெரிய காரணங்கள். என் கேள்விக்கு உடனே பதில் சொல்பவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குள் பொதுவான ஒன்று, ஆய்வகத்தில் தாங்களே கட்டிய ஒன்று பழுதாகி, மின் சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்து மணிக்கணக்கில் காரணம் தேடிய அனுபவம். தொண்ணூறு சதவீத மதிப்பெண்ணோடு வந்து இன்டரப்டுக்கு வரையறை மட்டும் ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அறிவில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் கருவியைக் கையில் கொடுக்கவில்லை.

ஆய்வகத்துக்குச் செலவு அதிகம் என்ற சமாதானத்தை ஏற்க மாட்டேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற புராசஸர் கட்டளைத் தொகுதியை உரிமக் கட்டணமின்றி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எம்.ஐ.டி. தன் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்.வி.6 என்ற சிறிய இயங்குதளம் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. வடிவமைப்பைச் சோதிக்கும் சிமுலேட்டர்களிலும் இலவசமானவை உண்டு. மனமிருக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், எந்தச் சிறிய பல்கலைக்கழகமும் மாணவரைப் புராசஸர் கட்ட வைக்கலாம்.

அச்சிட்ட பாடத்திட்டத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. விருப்பப் பாடங்கள் என்று நாற்பது தலைப்புகள் போட்டிருப்பார்கள். நடத்துவது ஆறோ ஏழோ. கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் நடந்த பாடங்களின் கால அட்டவணையைக் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், "இந்த செமஸ்டரில் நீங்களே கட்டியது என்ன? அது எங்கே பழுதானது?" என்று கேளுங்கள். உற்சாகமாக விவரித்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. வகுப்பு நேரத்துக்குப் பிறகு ஆய்வகம் திறந்திருக்குமா, இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஓர் ஆண்டு தருகிறார்களா, கடைசி இரண்டு மாதங்களில் முடித்துக்கொள்ளச் சொல்கிறார்களா என்பதையும் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

தர அங்கீகாரம் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. பொறியியலில் இது பெரும்பாலும் குறிப்பிட்ட படிப்புக்குத்தான் தரப்படுகிறது. பல்கலைக்கழகம் முழுமைக்கும் அல்ல. 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்பாட்டின்படி, உறுப்பு நாடுகள் அங்கீகரித்த பொறியியல் படிப்புகளை ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கின்றன. பொறியியல் அல்லாத கணினிப் படிப்புகளுக்கு 2008-இல் வந்த சியோல் உடன்பாடு தனி. பிற்காலத்தில் வேறொரு நாட்டில் பதிவு பெற்ற பொறியாளராக விரும்பும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெரிய விஷயம். எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு வரை அங்கீகாரம் செல்லும் என்று பார்த்துவிடுங்கள். வேலைவாய்ப்புக் கணக்கில் சராசரிச் சம்பளத்தை விட்டுவிட்டு நடுமதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தை) கேளுங்கள்; ஒருவர் பெற்ற மிகப் பெரிய சம்பளம் சராசரியை மேலே தூக்கிவிடும்.

பெரிய பெயருக்கும் பயன் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். கூர்மையான சக மாணவர்கள், பரந்த முன்னாள் மாணவர் வட்டம், பேராசிரியரின் ஆய்வில் சேரும் வாய்ப்பு ஆகியவை அங்கே கூடுதலாகக் கிடைக்கலாம். ஆராய்ச்சியையே இலக்காகக் கொண்ட பிள்ளைக்கு அது பாடத்திட்டத்தின் குறையை ஈடுசெய்யவும் கூடும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியது வேறு. அவள் இரண்டாவதையே தேர்ந்தெடுத்திருக்கிறாள். அண்ணனுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. உறவினர்கள் கேட்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த சேர்க்கைக் காலத்தில் தரவரிசையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்: ஆய்வகத்தில் ஒரு போர்டுக்கு எத்தனை மாணவர்கள், கடந்த ஆண்டு உண்மையில் நடத்திய விருப்பப் பாடங்கள் எவை, படிப்பின் அங்கீகாரம் எந்த ஆண்டு முடிகிறது. பதில் தர மறுத்தவர்களின் பெயரையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவித் துறையில் பணிபுரியும் பொறியாளர்,
உங்கள் வாசகி