பாதியில் வந்து சேர்ந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வருஷம் சேர்கிறவர்களுக்கு வரவேற்பு நாள், அறிமுகக் கூட்டம் என்று கல்லூரியே எல்லாம் செய்துகொடுக்கும். மூன்றாவது செமஸ்டரில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் உனக்கு அது எதுவும் இருக்காது. மதியம் யார் யாரோடு சாப்பிடுவது என்பதுகூட ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அவர்கள் உன்னை ஒதுக்குவதாக நினைத்துவிடாதே. நீ புதிது என்பதே பலருக்குத் தெரியாது, வேறு செக்‌ஷன் என்று இருந்துவிடுவார்கள். அதனால் முதல் இரண்டு வாரம், "நான் இந்த செமஸ்டர்தான் மாறி வந்தேன்" என்று வாய்விட்டுச் சொல். அதன்பிறகு எதைக் கேட்டாலும் தயங்க வேண்டியதில்லை. கேட்கும் முதல் உதவி வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடச் சொல்வதாக இருக்கட்டும்.

வகுப்பில் தினமும் ஒரே இடத்தில் உட்கார். 1992இல் மோர்லாண்ட், பீச் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் நான்கு பெண்களை ஒரு பெரிய வகுப்போடு சேர்த்துச் சோதித்தார்கள். ஒருத்தி 15 முறை போனாள், மற்றவர்கள் 10, 5 முறை. நான்காமவள் போகவே இல்லை. போனவர்கள் அங்கிருந்த மாணவர்கள் யாரோடும் பேசவில்லை. ஆனாலும் கடைசியில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவளைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

பழகிய முகம் என்பதோடு நின்றுவிட்டால் நட்பு வராது. பலரும் சறுக்குவது இங்கேதான். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது. வகுப்பிலும் வேலையிலும் பக்கத்தில் இருந்த நேரம் அவ்வளவாக உதவுவதில்லை. சும்மா சேர்ந்து இருந்த நேரம்தான் நெருக்கத்தைக் கூட்டுகிறது.

ஆகவே யாரையாவது வகுப்புக்கு வெளியே அழைத்தாக வேண்டும். "ஒருநாள் பார்க்கலாம்" என்றால் அந்த ஒருநாள் வரவே வராது. "வியாழக்கிழமை லேப் முடிஞ்சு நாலு மணிக்கு கேன்டீன் போறேன், அரை மணி நேரம்தான், வர்றியா?" என்று கேள். நாள், நேரம், இடம், எப்போது முடியும் என்பது எல்லாம் அதில் இருப்பதால் பதில் சொல்வது சுலபம். "இன்னிக்கு முடியாது, நாளைக்கு?" என்றால் விருப்பம் இருக்கிறது என்று அர்த்தம். வேறு நாள் சொல்லாமல் இரண்டு முறை தட்டிக்கழித்தால் வருத்தப்படாமல் அடுத்தவரிடம் போ.

கிளப் விஷயத்தில் ஆர்வக்கோளாறில் ஐந்தாறில் பெயர் கொடுத்துவிட்டு மூன்றாம் வாரத்தில் எதற்குமே போகாமல் போவதுதான் வழக்கமாக நடக்கும். ஒன்று போதும், ஆனால் அது வாராவாரம் கூடுவதாக இருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு விழா மட்டும் நடத்தும் அமைப்பில் முகம்கூடப் பதியாது. சேர்ந்த இரண்டாவது வாரமே ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்: வருகைப் பதிவு, நாற்காலி போடுவது, மைக் பார்த்துக்கொள்வது. அதிலும் வருகைப் பதிவு உத்தமம். எல்லோர் பெயரும் உனக்குப் பாடமாகும், எல்லோரும் உன்னிடம் வந்து பேசியாக வேண்டும்.

வாரம் 2 மணி நேரக் கூட்டம் என்றால் 15 வாரத்தில் 30 மணி நேரம். அதிலும் பாதி வேலையிலேயே போய்விடும். கூட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்தால் இன்னும் 15. ஒரு செமஸ்டர் முழுக்கப் போனாலும் 50 மணி நேரம் என்ற முதல் படியைத்தான் நெருங்கியிருப்பாய். ஐந்தாம் வாரத்தில் தனியாகச் சாப்பிடுவது தோல்வியே இல்லை.

குரூப் ப்ராஜெக்ட் அறிவித்த நாளிலேயே ஆசிரியரிடம் போய் உன்னை ஒரு குழுவில் சேர்க்கச் சொல். இரண்டு நாள் கழித்துப் போனால் மிஞ்சிய இடம்தான் கிடைக்கும். உன்னைப் போலவே மாறி வந்தவர்கள் யார் யார் என்று டிபார்ட்மென்ட் அலுவலகத்திலும் விசாரி.

பழைய கல்லூரியோடு ஒப்பிட்டுப் பேசுவதைக் குறைத்துக்கொள், கேட்பவர்களுக்கு அது குறையாகத்தான் படும். பழைய தோழிகளோடு பேசுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள். மதிய இடைவேளையில் காதில் இயர்போன் இருந்தால், பேச வந்தவளும் திரும்பிப் போய்விடுவாள்.

அன்புடன்,
அக்கா