ரீடிங் எழுதியவளுக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். நெட்டையன் அவன் கல்லூரியில் துறைத்தலைவர் ஆகிவிட்டான், தெரியுமா? சட்டைப்பையில் இன்னும் அதே மூன்று பேனா. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் இயற்பியல் துறையில் எல்லாத் தரப்பு மாணவர்களும் சமமாக வளர என்ன செய்யலாம் என்று பார்க்க ஒரு குழு போட்டு, அதை என் தலையில் கட்டினார்கள். சேர்க்கைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதலாண்டில் பாதிக்குப் பாதி பெண்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளும் நிறைய. கதவு திறந்துதான் இருக்கிறது, அறிக்கையை எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் மூன்றாமாண்டு ஆய்வகத்தில் ஓரமாக உட்கார்ந்து, யார் கை எதில் இருக்கிறது என்பதை மட்டும் மூன்று மணி நேரம் குறித்துக்கொண்டு வந்தேன். எட்டுக் குழுக்கள். ஆறு குழுக்களில் ரீடிங், அதாவது கருவி காட்டும் அளவுகளை, எழுதியது பெண்தான். மற்ற இரண்டில் எழுதியவர்கள் பையன்கள்தான். ஆனால் இருவருமே வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள். கருவி எப்போதும் வேறு யாரோ ஒருவர் கையில். யாரும் யாரையும் விரட்டவில்லை, அதட்டவில்லை. "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீயே எழுதேன்" என்று பாராட்டித்தான் ஓரங்கட்டியிருக்கிறார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து வேலையை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இந்த வாரம் எழுதியவர் அடுத்த வாரம் கருவியில். முதலில் முணுமுணுத்தது கருவிக்காரர்கள் இல்லை, எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான். "எனக்கு எழுதுறதுதான் சார் வரும்" என்றாள் ஒருத்தி. வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பெண். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் உட்கார வைத்தேன். திருகுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் அவள் கை நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, "தொடலாமா சார்?" என்று கேட்டாள். மூன்றாம் வருஷம்! அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

தொடச் சொன்னேன். முப்பட்டகத்தை மெதுவாகத் திருப்பினாள். சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு நகர்ந்தது, தயங்கியது, நின்றது, வந்த வழியே திரும்பியது. "திரும்புது சார்!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

இன்னொருவன், பாதரச விளக்கில் பச்சைக் கோடு எது, மஞ்சள் எது என்று தெரியாமல் திணறினான். அவனுக்கு நிறக்குருடு. இத்தனை காலமும் ரீடிங் எழுதுகிற வேலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான். நிறத்தை விட்டுவிடு, ஒற்றையாகப் பளிச்சென்று இருப்பது பச்சை, பக்கத்தில் ஜோடியாக இருப்பது மஞ்சள் என்று காட்டிக்கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. அதற்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கூடவே, கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு வரும் விண்ணப்பங்களில் பெயரை மறைத்துவிட்டுப் படிப்போம் என்றும் சொன்னேன். "அப்படியானால் நாங்கள் பாரபட்சம் பார்க்கிறோம் என்கிறீர்களா?" என்று ஒரு மூத்தவருக்குக் கோபம். 2012இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வைச் சொன்னேன். 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜெனிஃபருக்குத் திறமையும் குறைவு, கொடுக்கலாம் என்று சொன்ன சம்பளமும் குறைவு. அப்படி மதிப்பிட்டதில் பெண் பேராசிரியர்களும் ஆண்களுக்குச் சளைக்கவில்லை. கெட்ட எண்ணம் வேண்டியதே இல்லை, பழக்கம் போதும்.

விண்வெளியில் இருக்கிற ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் கேட்டு வருகிற விண்ணப்பங்களிலும் 2018இல் பெயர்களை மறைத்தார்கள். அதற்கு முன் வருஷா வருஷம் பெண்கள் தலைமையில் வந்தவைதான் கொஞ்சம் பின்தங்கும். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையில் வந்தவற்றில் 8.7 சதவீதம் தேர்வாயின, ஆண்கள் தலைமையில் வந்தவற்றில் 8 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் விண்ணப்பங்களைப் படித்தவர்கள் "இவர் யார்" என்று பேசுவதை விட்டுவிட்டு அறிவியலைப் பற்றிப் பேசினார்களாம். தரம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்? மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கடைசியில் கை தூக்கினார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய ரெக்கார்ட் நோட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். நீ, நான், நெட்டையன் என்று மூன்று பேர் குழு. என் நோட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் ரீடிங் எல்லாம் உன் கையெழுத்தில். ஊசலுக்கு நீ எழுதினாய், லென்சுக்கு நீ எழுதினாய், ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் நீதான் எழுதினாய். அதன் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நானும் அவனும் எண்களைக் கத்துவோம், "சரியாச் சொல்லுங்கடா" என்று நீ அதட்டுவாய். அது நம் மூவருக்கும் விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். பிறகு நீ கோட்பாட்டுப் பக்கம் போனபோது, உனக்குக் கணக்குதான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் நானே சொன்னேன். உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். அந்த மஞ்சள் கோடு நின்று திரும்புவதை உன் கண்ணால் நீ பார்த்திருக்கிறாயா?

உடனே எழுது. இல்லை என்றால் அடுத்த மாதம் விடுமுறையில் கிளம்பி வா. ஆய்வகச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ரீடிங்கை நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய குழுக்காரன்