கல்வி உளவியலாளர் ஆக நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்வி உளவியலாளர் ஆகலாமா என்று கேட்டிருக்கிறாய். காரணத்தை ஒரே வரியில் எழுதியிருக்கிறாய்: குழந்தைகளை ரொம்பப் பிடிக்கும். நல்ல காரணம்தான். ஆனால் இந்த வேலையில் உன் நேரத்தின் பெரும்பகுதி பெரியவர்களோடுதான் கழியும். பிள்ளையோடு நீ உட்காருவது ஒரு காலைப்பொழுது, மிஞ்சிப்போனால் இரண்டு. அவனோடு தினமும் இருக்கப்போவது ஆசிரியரும் பெற்றோரும். நீ கண்டுபிடித்ததை அவர்கள் நம்பி, தங்கள் வழக்கத்தைக் கொஞ்சமாவது மாற்றிக்கொண்டால்தான் பிள்ளைக்குப் பலன். அதனால் நான் முதலில் கேட்பது இதுதான்: களைத்துப்போன ஓர் ஆசிரியரிடமும், பயந்துபோன ஒரு தாயிடமும் பொறுமையாகப் பேச உனக்குப் பிடிக்குமா?

"படிக்கவே மாட்டேங்கிறான்." பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் பிள்ளைகள் நம்மிடம் வருவார்கள். அதற்குப் பின்னால் எதுவும் இருக்கலாம். பார்வைக் குறை, காது மந்தம், வீட்டில் ஒரு மொழி பள்ளியில் வேறொரு மொழி, தூக்கமின்மை, பக்கத்தில் உட்காருகிறவன் தரும் தொல்லை. 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியலாளர் தன் உளவியல் கிளினிக்கைத் தொடங்கியபோது அவரிடம் முதலில் வந்தது, எழுத்துப்பிழை தீராத ஒரு மாணவன். அழைத்து வந்தது அவனுடைய ஆசிரியை. சோதித்துப் பார்த்தால் அவன் கண்ணிலும் கோளாறு இருந்தது. கண்ணாடி போட ஏற்பாடு செய்து, அப்புறம் பயிற்சியும் தந்தார்கள். நம் துறையின் முதல் பாடமே இதில் இருக்கிறது என்பேன். மனதைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன் கண்ணையும் காதையும் பார்த்துவிடு.

அதே 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், வாசிக்க வராத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவன் ஆசிரியரே சொன்னாராம். இப்படிப்பட்ட பிள்ளைகளை நீ நிறையவே பார்ப்பாய்.

நான் பார்த்த ஒருவனைச் சொல்கிறேன். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்தப் பழக்கம் உனக்கும் வேண்டும்.) ஓரிடத்தில் உட்கார மாட்டான், கவனமே இல்லை என்பது புகார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். கணக்கு வகுப்பு முழுக்க அசையாமல் இருந்தான். மொழி வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். தன் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது பென்சில் சீவ எழுந்தான். சீவி முடித்து வந்து, தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்டான். அவன் முறை கடந்துபோனது. அப்புறம் அமைதியாக உட்கார்ந்துகொண்டான்.

பிறகு தனியாக வைத்து, பொருளில்லாத சொற்களைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். 'கதிபு' என்றிருந்ததை 'கதவு' என்றான். முதல் எழுத்தையும் சொல்லின் நீளத்தையும் வைத்து ஊகிக்கிறான். தெரிந்த சொல்லில் ஊகம் பலித்துவிடும். அதனால் வகுப்பில் யாருக்கும் பிடிபடவில்லை. பொருளில்லாத சொல்லில் எழுத்து எழுத்தாகப் படித்தே ஆகவேண்டும், அங்கே மாட்டிக்கொண்டான். கவனக்குறைவு என்று பெயர் வாங்கியிருந்த பிள்ளைக்கு உண்மையில் வேண்டியிருந்தது எழுத்தையும் ஒலியையும் சேர்க்கும் பயிற்சி. கூடவே, எல்லார் முன்னாலும் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்லாத ஓர் ஆசிரியர்.

இதைத்தான் அறிக்கையில் எழுதவேண்டும். அறிக்கை எழுதுவது இந்த வேலையில் பெரிய பங்கு, உன் மாலைகளை விழுங்கிவிடும். கலைச்சொற்களால் நிரம்பிய பத்துப் பக்கத்தைவிட, ஆசிரியர் திங்கட்கிழமை காலை செய்து பார்க்கக்கூடிய மூன்று யோசனைகள் மேல்.

அடுத்தது சோதனைகளும் மதிப்பெண்களும். பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே 1905இல் தியோடர் சிமோனோடு சேர்ந்து அறிவுச் சோதனையை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண. அறிவு பிறவியிலேயே வந்த மாறாத அளவு என்ற எண்ணத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். அவருக்குப் பிறகு வந்த பலர் அதே கருவியைப் பிள்ளைகளை ஓரங்கட்டப் பயன்படுத்தினார்கள். 1979இல் கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, ஐ.க்யூ. சோதனையை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளில் தள்ளியது பாகுபாடு என்று தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. இந்த வரலாறு தெரியாமல் சோதனைப் பெட்டியைத் திறக்காதே.

இன்றுள்ள முக்கியமான சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் அளவு) 15. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள். 88 வாங்கிய பிள்ளை வேறொரு நாள் 92 வாங்கலாம். எண்ணை ஒரு வீச்சாக, இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்குப் புள்ளியியல் வேண்டும். உனக்குக் கணக்கு பிடிக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ரஷ்ய உளவியலாளர் வீகோட்ஸ்கியையும் இப்போதே படிக்கத் தொடங்கு. பிள்ளை தனியாகச் செய்வதற்கும் யாராவது கைகொடுத்தால் செய்வதற்கும் உள்ள இடைவெளியை அவர் கவனிக்கச் சொன்னார். நான் ஒரு பிள்ளையைச் சோதித்தால், தவறவிட்ட கேள்விக்கு ஒரு குறிப்புக் கொடுத்து மறுபடி கேட்டுப் பார்ப்பேன், அதிகாரபூர்வ மதிப்பெண்ணில் சேர்க்காமல். எனக்கு அதிகம் சொல்வது அந்த இரண்டாவது பதில்தான்.

படிப்பு விஷயம். உளவியலில் பட்டம், மேற்படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி என்பது பொதுவான பாதை. விவரம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் மூன்று வருட முனைவர் பயிற்சி, பதிவு இல்லாமல் கல்வி உளவியலாளர் என்றே சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் பள்ளிகளில் இந்த வேலையைச் செய்பவர் பள்ளி உளவியலாளர். அங்கே கல்வி உளவியலாளர் என்றால் பெரும்பாலும் ஆய்வாளர். ஆகவே ஒரு படிப்பில் சேருமுன், அது எந்த உரிமத்துக்குத் தகுதி தரும், எத்தனை மணி நேரம் பள்ளியில் பயிற்சி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். பெயரை மட்டும் நம்பிச் சேர்ந்துவிடாதே.

ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சில சமயம் பிள்ளையின் சிக்கலுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிப் பள்ளி கேட்கும், ஏனென்றால் பெயர் இருந்தால்தான் பிள்ளைக்குக் கூடுதல் உதவி கிடைக்கும். அதே பெயர் அந்தப் பிள்ளையோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் எடைபோட்டுப் பெற்றோரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். இது எனக்கு இன்னும் எளிதாகவில்லை.

சரி, விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒன்று செய். அனுமதி வாங்கி ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பில் ஒரு நாள் உட்கார். ஒரே ஒரு பிள்ளையைக் கவனி. 'சோம்பேறி', 'சுட்டி', 'புத்திசாலி' என்று எதுவும் எழுதாமல், அவன் செய்ததை மட்டும் நேரம் போட்டு எழுது. அவன் பெயர் வேண்டாம். எனக்கு அனுப்பு, படித்துவிட்டுப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா