செயற்கை நுண்ணறிவுத் துறைக்குப் போகும் மாணவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புப் பாடசாலைகள் உயர்தர மாணவரைப் பல்கலைக்கழகங்களின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுகளுக்குக் கூட்டிச் செல்வது நல்ல காரியம். 2002 இல் உருவான கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நகருக்குள்ளேயே, ரீட் அவெனியூவில் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப பீடத்தில் இத்துறைக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் காலி வீதியால் நேரே அது இருக்கும் கட்டுபெத்தை. ஆனால் நூறு பேர் இரண்டு பஸ்ஸில் போய், மண்டபத்தில் ஒரு மணிநேரம் திரையைப் பார்த்து, சேர்வர் அறையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, வாசலில் படம் பிடித்துக்கொண்டு திரும்பினால், மிஞ்சுவது அந்தப் படம்தான்.

ஒரு தடவைக்கு 30 பேர் போதும். கணினிக்கு இருவர் என்றால் 15 கணினி. மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் அவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார்.

அந்த 30 பேரும் வெறுங்கையோடு போகக் கூடாது. சொந்தத் தரவைக் கொண்டுபோக வேண்டும். கையால் எழுதிய எழுத்து எது என்று கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவது ஓர் எளிய வழி. அதற்கு ல, ள, ழ ஆகிய மூன்று எழுத்துகளையும் ஒவ்வொருவரும் பத்துத் தடவை, 2 சென்ரிமீற்றர் கட்டங்களுக்குள் எழுதட்டும். மொத்தம் 900 எழுத்துப் படங்கள். ஸ்கேன் செய்து, கட்டம் கட்டமாக வெட்டி, எழுத்துக்கொரு கோப்புறையில் போட்டு, எழுதியவரின் இலக்கத்தையும் கோப்பின் பெயரில் சேர்த்துப் பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம். விருந்தினருக்கு வைஃபை கடவுச்சொல் கிடைக்கும் என்று நம்பி இணையத்தில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து.

பிழைகள் நுழைவது இந்தக் கட்டத்தில்தான். ல எல்லாம் நீலப் பேனையாலும் ள எல்லாம் கறுப்புப் பேனையாலும் எழுதப்பட்டிருந்தால், இயந்திரம் எழுத்தைப் படிக்காது, மையைப் படித்துவிடும். தொலைபேசியில் படம் எடுத்தால் கையின் நிழலும் அப்படியே ஏமாற்றும். கையால் எழுதிய ஆங்கில இலக்கங்களுக்கான புகழ்பெற்ற எம்னிஸ்ட் படத் தொகுதியில் படங்கள் 28×28 புள்ளி அளவில் இருக்கின்றன என்று நாமும் அந்த அளவுக்குச் சுருக்கினால் ழகரத்தின் கீழ்ச்சுழி கரைந்துபோகலாம். 64×64 ஆவது வைப்பது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, 900 படங்களையும் சீட்டுக்கட்டுப்போல் குலுக்கி, கணினி கற்கும் பயிற்சிக்கும் கற்றதைப் பரிசோதிக்கும் சோதனைக்கும் பிரிப்பது. ஒரே மாணவரின் கையெழுத்து இரண்டு பக்கமும் வந்துவிடும். மதிப்பெண் பொய்யாக ஏறும். ஆகவே 24 பேரின் 720 படங்களைப் பயிற்சிக்கும், மீதி 6 பேரின் 180 படங்களைச் சோதனைக்கும் வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே மூன்றில் ஒன்று சரியாக வரும் என்பதால், 40 வீதம் வந்தால் கைதட்ட வேண்டியதில்லை. ளகரத்தை எத்தனை தடவை ழகரம் என்று சொன்னது, யாருடைய கையெழுத்தில் தடுமாறியது என்று பார்ப்பதுதான் பாடம். இந்த அளவு வேலைக்குச் சாதாரண கணினியே போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அப்படியானால் சேர்வர் அறையில் இருக்கும் பெரிய ஜிபியு அட்டைகள் (ஏராளமான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கணினிப் பாகங்கள்) எதற்கு? சேர்வர் அறை வாசலில் கேட்க வேண்டிய கேள்வி அது. 700 கோடி அளவுருக்கள் (பயிற்சியின்போது கற்றுக்கொள்ளும் எண்கள்) கொண்ட, எழுத்தைப் படித்து எழுதும் மொழி மாதிரியில் ஒவ்வொன்றுக்கும் 2 பைட் வீதம் கணக்கிட்டால், அவற்றை நினைவகத்தில் வைக்கவே 14 ஜிபி வேண்டும். பயிற்றுவிப்பதென்றால் அதன் பல மடங்கு. இந்தக் கணக்கைப் போவதற்கு முதல்நாளே வகுப்பில் போட்டுவிட்டால், அட்டையில் எவ்வளவு நினைவகம், எத்தனை ஆய்வாளர் பங்குபோடுகிறார்கள் என்று மாணவர் தாமாகவே கேட்பார்கள்.

தமிழ்மொழிமூல மாணவருக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் அது 5 குறியீடு, அந்த எண்களைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஆங்கிலத்தில் அதே பெயர் 5 பைட்டில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தைப் படித்து வளர்ந்த மாதிரிகள் தமிழை ஏன் கூடுதல் துண்டுகளாக வெட்டுகின்றன, அதனால் செலவும் வேகமும் எப்படி மாறுகின்றன என்று விரிவுரையாளரிடம் கேட்கலாம். விளக்கம் அநேகமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். தரவுத்தொகுதி, பயிற்சி, சோதனை, நரம்பு வலையமைப்பு என இருபது சொற்களையாவது இரு மொழியிலும் ஒரு தாளில் அடித்து முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் திகைக்கமாட்டார்கள்.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி பற்றிய கேள்விகளுக்கு விரிவுரையாளரின் நேரத்தைச் செலவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

வலயக் கல்விப் பணிமனை அனுமதி, பெற்றோர் சம்மதக் கடிதம் எல்லாம் வழமைபோல. துறைத் தலைவருக்கு அதிபர் மூலம் அனுப்பும் கடிதம் மட்டும் ஆறு வாரம் முந்தியே போகட்டும். அதில் மாணவர் தொகை, மொழிமூலம், கொண்டுவரும் தரவு, கணினிகளில் பைதான் நிரல்மொழி இருக்க வேண்டும் என்பது ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். பல்கலைக்கழகப் பரீட்சைக் காலமா என்றும் விசாரிக்க வேண்டும். அப்போது ஆய்வுகூடம் கிடைக்காது.

காலி வீதி நெரிசலில் பஸ் பிந்திப்போய் நேரம் குறைந்துவிட்டால், வெட்ட வேண்டியது மண்டபத்து உரையை. ஆய்வுகூட நேரத்தில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உயர்தரத் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.