மரக்கடைக் குட்டிகளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பானவர்களே,

வணக்கம். செங்கோட்டை மரக்கடையில் கிடைத்த பூனைக்குட்டிகளில் கடைசிக் குட்டியும் போன ஞாயிற்றுக்கிழமை இலஞ்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழு வாரம் எங்கள் பின்கட்டில் இருந்தவை. "நீங்கதான் வளத்து ஆளாக்கினீங்க" என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். இடம் என் வீடு, அவ்வளவுதான். வளர்த்தது யார் யார் என்று எழுதாமல் எனக்கு மனசு ஆறாது.

முதலில் லோடுமேன் அண்ணன். தடி அடுக்கைப் பிரிக்கும்போது ஐந்து குட்டிகளைப் பார்த்தவர் உடனே தூக்கிவிடவில்லை. "தாய் இரை தேடப் போயிருக்கும், வந்துரும்" என்று அந்த அடுக்கைத் தொடாமல் விட்டு, சாயங்காலம் வரை தள்ளி நின்றே பார்த்திருக்கிறார். கொல்லம் ரோட்டில் அடிபட்டுக் கிடந்த பூனைதான் தாய் என்று தெரிந்த பிறகே அட்டைப்பெட்டியோடு என் வாசலுக்கு வந்தார். அவசரப்பட்டுத் தாயிடமிருந்து குட்டியைப் பிரித்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். அண்ணே, உங்கள் பொறுமைக்குக் கும்பிடு.

அது ஆனிச் சாரல் நேரம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று நமக்குச் சுகம். மூன்று வாரக் குட்டிக்கு அதுவே எமன். உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள அதற்கு இன்னும் தெம்பு வந்திருக்காது. நானோ குட்டிகள் வந்ததும் வராததுமாகப் பசும்பாலைக் காய்ச்சி ஊட்டிவிட்டேன். விடிவதற்குள் ஐந்துக்கும் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் ராத்திரி ஒன்று என் மடியிலேயே அடங்கிப்போனது. முருங்கை மரத்தடியில் புதைத்தோம். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் இன்னும் நெஞ்சு கனக்கிறது.

மற்ற நாலும் பிழைத்தது கால்நடை மருத்துவர் அம்மாவால். "முதல்ல சூடு, அப்புறம்தான் பால். மல்லாக்கப் போட்டு ஊட்டாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும். கவுந்த மாதிரியே வச்சு, சொட்டுச் சொட்டா கொடுங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். தாய்ப்பூனைப் பாலில் இருக்கிற அளவு புரதமும் கொழுப்பும் பசும்பாலில் கிடையாது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டபோதும் போனை எடுத்தீர்கள், அம்மா. அந்தக் குரல் எனக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்று உங்களிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை.

குட்டிகளுக்கான பால்பவுடர் அந்த வாரம் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. புனலூர் சேச்சி இரண்டு டின் வாங்கி, ரயிலில் இந்தப் பக்கம் வந்தவர் கையில் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. தினமும் போனில் முதல் கேள்வி, "குட்டிகள் பால் குடிச்சோ?"

எங்கள் அத்தையைப் பற்றி எழுதும்போதே கண் கலங்குகிறது. அடுப்படிப் பக்கம் பூனை வந்தாலே விரட்டுகிறவர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும் என்றதும், "நீ படு தாயி, விடியக்காலம் நான் பாத்துக்கிடுதேன்" என்று உட்கார்ந்துவிட்டார். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைப்பது, பால் கொடுத்ததும் பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்லத் துடைத்து ஒண்ணுக்குப் போக வைப்பது எல்லாம் அவர்தான். தாய் நாக்கால் செய்கிற வேலை அது.

மளிகைக்கடை அண்ணாச்சி தினமும் கடை அடைக்கிற நேரத்தில் தராசைத் துடைத்து, எவர்சில்வர் தூக்குக்குள் குட்டியை விட்டு நிறுப்பார். "280. நேத்தைக்கு 10 கூட." எங்கள் பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரிசையாகக் குறித்திருக்கிறார். ஒருநாள் ஒரு குட்டிக்கு எடை ஏறவில்லை. மறுநாள் கடை திறக்கும் முன்னே வீட்டுக்கு வந்து, "அந்தச் சின்னது எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அந்தச் சின்னதுதான் கடுகு. கையை நீட்டினால் முதுகை வளைத்துச் சீறும், மனுசவாடையே ஆகாது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் தினமும் பள்ளி விட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடம் படித்தார்கள். தொடவில்லை, தூக்கவில்லை. பதினோராம் நாள், அவித்து மசித்த சாளை மீனைக் கடுகு அவர்களில் ஒரு பெண்பிள்ளையின் விரலிலிருந்து நக்கியது. அப்படியே கண்ணை மூடிக் குறுகுறுவென்று தொண்டைக்குள் சத்தம். பிள்ளை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ரெண்டு குட்டி சேச்சி வீட்டில், ஒன்று அண்ணாச்சியிடம், கடுகு இலஞ்சி டீச்சர் வீட்டில். வாங்கிக்கொண்ட மூவருக்கும் நன்றியோடு ஒரு வேண்டுகோள்: எட்டு வார வயதில் போட்ட தடுப்பூசிக்கு அடுத்த ஊசியை மறக்க வேண்டாம். நாலைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும் என்பதால் கருத்தடைக்கும் இப்போதே டாக்டரம்மாவிடம் பேசி வையுங்கள்.

பால்பவுடரில் ஒரு டின் பிரிக்காமல் இருக்கிறது. யாருக்காவது தாயில்லாக் குட்டி கிடைத்தால் எந்த நேரமானாலும் வந்து கதவைத் தட்டுங்கள்.