சங்கக்கடையின் சமூக நிதி: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

திருகோணமலை

அன்புள்ள பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம்.

அடுத்த தவணையிலிருந்து நமது பகுதிச் சங்கக்கடையில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்குகிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் ஒருவர் பொருள் வாங்கிவிட்டுத் தமது அங்கத்துவ இலக்கத்தைச் சொன்னால், அவர் செலுத்தும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஒரு ரூபாயைச் சங்கம் தனது இலாபத்திலிருந்து எடுத்து வேறாக வைக்கும். ஆண்டு முடிவில் அந்தப் பணம் இப்பகுதியைச் சேர்ந்த மூன்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். அவற்றில் ஒன்று நமது பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணி. வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுகிறது. கதைகள் வளர்வதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

முதலில் கேட்கப்படும் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பொருளின் விலை இதனால் கூடாது. நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய்தான் கொடுப்பீர்கள். அந்த ஒரு ரூபாய் சங்கத்தின் பங்கிலிருந்து போவது. கட்டுப்பாட்டு விலைப் பொருட்கள், மண்ணெண்ணெய், தொலைபேசி ரீலோட் ஆகியவை கணக்கில் சேர மாட்டா. அவற்றில் கடைக்குக் கிடைப்பதே சில்லறைதான். அதிலிருந்து ஒரு ரூபாயைப் பிடுங்கினால் கடை நட்டத்தில் ஓடும். பருப்பு, சவர்க்காரம், பால்மா, ரின் மீன், கொப்பி, பென்சில் போன்றவை சேரும். மாதம் இருபதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கும் ஒரு குடும்பத்தின் பெயரில் இருநூறு ரூபாய் நிதிக்குப் போகும். தனியே பார்த்தால் அது ஒரு நாள் கறிக்குக்கூடக் காணாது. நூறு குடும்பங்கள் அப்படி வாங்கினால் மாதம் இருபதாயிரம், ஆண்டுக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். ஊரில் தேர்ப்பணிக்கும் மரண வீட்டுக்கும் பணம் சேர்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

அதிபருக்குச் சங்கக்கடையில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்விதான். பாடசாலையும் கூட்டுறவும் பழைய உறவினர். 1844 டிசம்பர் 21ஆம் திகதி மாலை, இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். வெண்ணெய், சீனி, மா, மெழுகுவர்த்தி போன்ற சில பொருட்களே அங்கே இருந்தன. கலப்படமில்லாத பொருள், சரியான நிறை, ஒருவருக்கு ஒரு வாக்கு என்பவை அவர்களின் விதிகள். கிடைத்த இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்ப அவரவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுப்பதற்கு முன், நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கென்று ஒதுக்கும் வழக்கத்தையும் சில ஆண்டுகளில் கொண்டுவந்தார்கள். மாவும் சீனியும் விற்ற பணத்தில் தொழிலாளருக்கு ஒரு வாசிகசாலை நடந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நமது பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணத்திலுள்ள வீரசிங்கம் மண்டபத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரிய வீ. வீரசிங்கம் வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். 1930களில் யாழ்ப்பாணத்து மூளாய்க் கிராமத்தில் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே தொடங்கி நடத்தினார்கள். ஒரு கடை ஓர் உதைபந்தாட்ட அணிக்குப் பாதணி வாங்கிக் கொடுப்பதை அதனோடு ஒப்பிட்டால் சிறிய காரியம்தான்.

ஆனால் சங்கக்கடை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வேறு. இந்தத் தீவில் கூட்டுறவு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, கடன் சங்கங்களாகத் தொடங்கியது. கடைகள் ஊர் ஊராகப் பரவியது இரண்டாம் உலகப் போரின்போதுதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின் மீது குண்டு வீசின. அரிசிக்குப் பங்கீடு வந்த காலம் அது. இருப்பதை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்க ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1957 முதல் பலநோக்குச் சங்கங்கள் உருவாயின. 1970களின் தொடக்கத்தில் ஊர்ச் சங்கங்கள் பலவற்றை ஒன்றாக்கிப் பெரிய சங்கங்களாக மாற்றினார்கள். மக்களுக்கும் கடைக்கும் இடையே தூரம் விழுந்தது அங்கேதான் என்பது என் எண்ணம். அதுவரை நமது கடையாக இருந்தது, கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நிற்கும் அரசாங்கக் கடை ஆகிவிட்டது. பிறகு போர்க்காலத்தில் நிவாரண அரிசியும் பருப்பும் வந்த இடமும் அதுவே. பசித்த காலத்தில் நம்மைக் காத்த கடைதான். ஆனாலும் அங்கே நாம் கைநீட்டி வாங்குகிறவர்களாகவே நின்றோம். அந்தக் கடையின் உரிமையாளர்களில் தாமும் ஒருவர் என்று எத்தனை பேர் நினைத்திருப்போம்? பலருடைய வீட்டுப் பெட்டிக்குள் அப்பா, அம்மப்பா காலத்துப் பங்குச் சீட்டு இன்னும் கிடக்கும். தேடிப் பாருங்கள்.

பிரித்தானியாவில் உறவினர் இருப்பவர்கள் அங்குள்ள கோ-ஒப் என்ற கூட்டுறவுக் கடைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016இல் அவர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருட்களை அங்கத்தவர் வாங்கினால், விலையில் நூற்றுக்கு ஐந்து அவருக்குத் திரும்ப வரும். நூற்றுக்கு ஒன்று அவருடைய ஊரிலுள்ள பொதுப்பணிகளுக்குப் போகும். 2020இல் அதை மாற்றி இரண்டு பக்கத்துக்கும் நூற்றுக்கு இரண்டு என்று சமமாக்கினார்கள். தம் பங்கு எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதை அங்கத்தவரே தெரிவு செய்தார். நமது சங்கத்தின் இயக்குநர் சபை இதிலிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கடைசிப் பகுதியை. அங்கே அளவும் பெரிது, கைபேசிச் செயலியும் உண்டு. இங்கே காசாளரின் மேசையில் ஒரு பதிவேடுதான் இருக்கும். பதிவேடே எனக்குப் போதும். மின்சாரம் போனாலும் அது அழியாது.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விடயம்.

மூன்று குழுக்களில் ஒன்று நமது அணி. இன்னொன்று கரையோரத்துப் பிள்ளைகளுக்காகச் சனசமூக நிலையத்தில் நடக்கும் மாலை வகுப்பு. மூன்றாவது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தாய்மார் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய குழு. பிள்ளைகளை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு வைத்தியசாலைக்கு அழைத்துப் போக முச்சக்கரவண்டிக் கூலி கொடுப்பதுதான் அவர்களின் பெரிய செலவு. எந்தக் குழுவுக்கு எவ்வளவு என்பதை அங்கத்தவர் வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்பதே முதலில் இருந்த யோசனை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நமது பாடசாலைக்குப் பல நூறு பெற்றோர். அந்தத் தாய்மார் ஒரு வீட்டு விறாந்தையில் கூடினால் அடங்கிவிடுவார்கள். இந்த வாக்கெடுப்பில் யார் வெல்வார் என்பதைக் கணக்குப் பாட ஆசிரியரிடம் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே சங்கத்தின் கூட்டத்தில் நான் எழுந்து, நிதியின் பாதியை மூன்று குழுக்களுக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு மறுபாதியை மட்டும் வாக்கின்படி பிரியுங்கள் என்று கேட்டேன். சபை ஏற்றுக்கொண்டது. நமது அணிக்கு வரக்கூடிய பணத்தை அதிபரே குறைத்துவிட்டார் என்று சிலருக்கு வருத்தம் இருக்கலாம். அந்த வருத்தத்தை நான் தாங்கிக்கொள்கிறேன். சிறியவர்களை எண்ணிக்கையால் மூழ்கடித்துப் பெற்ற பாதணியைப் போட்டுக்கொண்டு நமது பிள்ளைகள் விளையாட வேண்டியதில்லை. உங்கள் வாக்கை யாருக்குப் போடுவது என்று பாடசாலை சொல்லாது. வகுப்பாசிரியர் எவரும் சொன்னால் எனக்கு அறிவியுங்கள்.

இன்னொன்றும் கேட்டேன். கணக்கை மாதத்துக்கு மாதம் முடிக்க வேண்டாம், ஆண்டு முழுவதும் சேர்த்து முடியுங்கள் என்றேன். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கரையோரத்தில் தொழில் படுத்துவிடும். அந்த மாதங்களில் பல வீடுகளில் சாமான் வாங்குவதே குறைந்துவிடும். கார்த்திகை, மார்கழிக் கணக்கை வைத்து யாருக்கும் அக்கறை இல்லை என்று எவரும் எழுதிவிடக் கூடாது.

நமது அணிக்குப் பணம் எதற்கு என்பதையும் சொல்கிறேன். பாதணி, பந்து, வான் வாடகை. கிண்ணியாவிலோ மூதூரிலோ போட்டி என்றால் வாடகைதான் முதல் தலைவலி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கரையில் படகுக்குக் காத்து நிற்கும் வேலை இல்லை. வான்காரர்களிடம் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும். பழைய தூரத்துக்கே வாடகை கேட்கிறார்கள். சென்ற முறை அரையிறுதிக்குப் போன பிள்ளைகளில் சிலர் பாதணியை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடியதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலதிகமாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு விடயங்களில் நான் கண்டிப்பாக இருக்கப்போகிறேன்.

சங்கக்கடைப் பற்றுச்சீட்டைப் பாடசாலைக்குக் கொண்டுவரும்படி எந்தப் பிள்ளையும் கேட்கப்படாது. எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்ற போட்டி நடக்காது. பரிசு, நட்சத்திரம், சுவரில் பட்டியல் எதுவும் கிடையாது. போட்டி வைத்தால் தொகை கூடும் என்று சொன்ன ஆசிரியரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் வகுப்பறையில் பற்றுச்சீட்டை எண்ணத் தொடங்கினால், எந்த வீட்டில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். முட்டையை ஒன்று, இரண்டு என்று எண்ணி வாங்கும் வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டியலின் அடியில் நிற்கும். அதைவிட நமது அணி பாதணி இல்லாமலே விளையாடலாம்.

அடுத்தது, உங்கள் தெருக்கடையைப் பற்றியது. நம்மில் பலர் கடன் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்குகிறோம். சம்பளம் வந்ததும், அல்லது மீன் பட்டதும் கொடுக்கிறோம். 2022இல் எரிவாயுவும் பால்மாவும் கிடைக்காமல் அலைந்த நாட்களில் தெரிந்த முகத்துக்கென்று ஒரு பைக்கற் எடுத்து வைத்த கடைக்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நமது பாடசாலைப் பெற்றோரும்கூட. அவர்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சங்கக்கடையில் வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே சங்கக்கடையில் வாங்குகிறவர்கள் இலக்கத்தைச் சொல்ல மறக்க வேண்டாம். வாங்காதவர்கள் அங்கே விலையும் தரமும் சரியாக இருக்கும் பொருளை மட்டும் வாங்கிப் பாருங்கள். தேவையில்லாத ஒரு சோப்புக்கட்டியைக்கூட அணிக்காக வாங்க வேண்டாம். நூறு ரூபாயை வீணாக்கி ஒரு ரூபாய் கொடுப்பதைவிட, கையிலிருந்து ஒரு ரூபாய் கொடுப்பது மலிவு.

அங்கத்தவராகச் சேர, சங்கம் இயங்கும் பகுதியில் வசிக்கும் 18 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பங்குப் பணம் சிறிய தொகைதான். கணவன், மனைவி இருவருமே சேரலாம், சேரவும் வேண்டும். வாக்கு ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று அன்று. அப்பா பெயரில் ஒன்று இருக்கிறதே, போதாதா என்று கேட்கும் தாய்மாருக்கு என் பதில்: போதாது. கடைக்குப் போவது யார், விலை தெரிந்தது யாருக்கு என்பதை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாவும் அப்பப்பாவும் தங்கள் பழைய அங்கத்துவத்தைப் புதுப்பித்தாலே போதும். பழைய பங்குச் சீட்டைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு போங்கள். பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள்.

நிதியின் கணக்கு தவணைக்கு ஒரு முறை சங்கக்கடையின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும். அதன் பிரதி நமது வாயிற்கதவருகே உள்ள பலகையிலும் இருக்கும். நமது அணிக்கு வரும் பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கிலேயே வைப்பிலிடப்படும். பாதணி வாங்கிய சீட்டு, வான் வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் பெற்றோர் எவரும் அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம். முன்னறிவித்தல் தேவையில்லை. காலை ஆராதனை முடியும் வரை மட்டும் பொறுத்திருங்கள்.

தவணை தொடங்கி முதலாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரதான மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடைபெறும். சங்கத்தின் பொது முகாமையாளரும் கிளைக்குழுவினரும் வருகிறார்கள். கடையில் அரிசியின் தரம் பற்றியும், பிற்பகலில் கடை பூட்டிக் கிடப்பது பற்றியும் என்னிடம் முறையிட்டவர்கள் அன்று அவர்களிடமே நேரில் கேளுங்கள். அங்கத்தவர் ஆகிவிட்டுக் கேட்டால் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இன்னும் கூடும். அந்தத் தாய்மார் குழுவிலிருந்து ஒருவரும் தமது வேலையைப் பற்றிச் சிறிது பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். மேடை வேண்டாம், கதிரையில் இருந்தபடியே பேசுகிறேன் என்றார். ஆகவே மண்டபத்தின் முன்வரிசைகளில் வந்து அமருங்கள், பின்னால் கேட்காது.

விண்ணப்பப் படிவங்கள் தமிழிலும் சிங்களத்திலும் அலுவலகத்தில் உள்ளன. நிரப்பிய படிவத்தைப் பங்குப் பணத்தோடு பிள்ளையின் புத்தகப்பைக்குள் வைத்து அனுப்ப வேண்டாம். நீங்களே வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அதிபர்